அக்கா எத்தனை சொன்னாள்?

பொறாமைப்படவும் ஒரு திறமை வேண்டும். ஹில்ச்சேவுக்கு அது பிறவியிலேயே வாய்த்திருந்தது. ஃப்ரீஸ்லாந்தில், டொக்கும் ஊருக்கு வடக்கே, கடலைத் தடுக்கும் கரைக்குக் கீழே பால்மாடு வளர்த்த வீடொன்றில் இரண்டாவது பெண்ணாக வந்து சேர்ந்தாள். மூத்தவள் ஃபோக்யே. தங்கையைத் தொட்டிலில் எட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன, தோலுரிச்ச முயலாட்டம் இருக்கு?" என்று கேட்டாளாம். காப்பி குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் அம்மா இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஹில்ச்சே பல்லைக் கடித்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுத்ததும் டப்பாவைப் படாரென்று மூடுவாள்.

அப்புறம் எல்லாமே அந்த வழிக்குத்தான் போயிற்று. புது சைக்கிள் ஃபோக்யேவுக்கு. அவளுக்குக் கால் நீண்டதும் அதே சைக்கிள், துருவோடு, ஹில்ச்சேவுக்கு. புல்வெளியில் கையால் பந்தடிக்கும் எங்கள் ஊர் ஆட்டத்தில் ஃபோக்யே கழுத்தில் மாலையோடு நிற்பாள்; ஹில்ச்சே பந்து பொறுக்குவாள். கால்வாயெல்லாம் உறைந்து பதினோரு ஊரைச் சுற்றும் சறுக்கல் பந்தயம் நடந்த வருஷம் இருவரும் ஒன்றாகத்தான் புறப்பட்டார்கள். பாதி வழியில் பனிக்கட்டி வெடிப்பில் சறுக்குக் கத்தி மாட்டி ஹில்ச்சேயின் கணுக்கால் பிசகியது. "நீ போக்கா" என்றாள், ஒரு பேச்சுக்கு. ஃபோக்யே போயேவிட்டாள்! முழுத் தூரமும் சறுக்கி முடித்தவர்களுக்குத் தரும் சின்னச் சிலுவைப் பதக்கம் அவள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் உட்கார்ந்துகொண்டது. "ஒரு பேச்சுக்குச் சொன்னா போயிடுறதா?" என்று ஹில்ச்சே தன் புருஷன் டௌவேயிடம் இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டௌவே பால் லாரி ஓட்டினான். தங்கமான மனுஷன். அது அவளுக்கும் தெரியும். ஆனால் அக்கா புருஷன் ரைட்ஸே ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பான். அதுவும், ரைட்ஸே முதன்முதலில் சைக்கிள் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனது யாரை? ஹில்ச்சேயை! ஒரே ஒரு சனிக்கிழமை. அடுத்த சனிக்கிழமை ஏறின அக்கா இறங்கவே இல்லை.

ஃபோக்யே பள்ளிக்கூடத்தில் டீச்சரானாள். ஹில்ச்சே டொக்குமில் ஒரு கடையில் திரைச்சீலை தைத்தாள். நன்றாகவே தைப்பாள். ஆனால் எங்கள் பக்கம் வரவேற்பறைத் திரையை யார் இழுத்து மூடுகிறார்கள்? தெருவில் போகிறவர்களுக்கு வீடு தெரிய வேண்டுமே. மடிப்புக் கலையாமல் ஓரமாகத் தொங்கும் துணியை யார் பார்த்துப் புகழப் போகிறார்கள்?

இப்படியே அறுபதைத் தாண்டினாள். வாழ்க்கையில் அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், பெரிய ஆசையெல்லாம் கிடையாது. ஒரே ஒரு முறை, ஃபோக்யே அவளைப் பார்த்து வயிறெரிய வேண்டும். அவ்வளவுதான். அது நடந்துவிட்டால் நிம்மதியாகக் கண்ணை மூடிவிடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் ஃபோக்யேவுக்கு மலத்தில் ரத்தம் போயிற்று. பெருங்குடலில் புற்று என்றார்கள். ஊரே அவள் வீட்டு வாசலில் நின்றது. நலம் பெற வாழ்த்தி வந்த அட்டைகளைச் சுவரில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். ஒரு கயிறு போதாமல் சமையலறை வரை இன்னொரு கயிறு போயிற்று. ஹில்ச்சே சர்க்கரை ரொட்டி எடுத்துக்கொண்டு போனாள். மனசார அழுதாள். பொய் அழுகை இல்லை. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே அட்டைகளை எண்ணவும் செய்தாள். என்ன செய்வது, கை பழகிவிட்டது.

டாக்டர்கள் கூடப்பிறந்தவளையும் சோதிக்க வேண்டும் என்றார்கள். குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஹில்ச்சேவுக்கும் இருந்தது, கிட்டத்தட்ட அதே இடத்தில். காரில் வீட்டுக்குத் திரும்பும்போது டௌவேயிடம் சொன்னாள்:

"இப்ப வெளிய சொன்னா, அக்காவைப் பாத்துக் காப்பியடிச்சேன்னு சொல்லுவாங்க."

"ஹில்ச்சே! உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"அவளுக்குப் பூவாக் குமிஞ்சுது. எனக்குப் பாரு, 'ஐயோ, உனக்குமா?'ன்னு ஒரு வார்த்தையோட முடிஞ்சிடும்."

அப்படியேதான் முடிந்தது. அட்டைகள் வரத்தான் செய்தன. ஆனால் பாதிக்கு மேல் இருவர் பெயரையும் சேர்த்து எழுதி, ஃபோக்யேயின் விலாசத்துக்குப் போயின.

நகரத்து ஆஸ்பத்திரியில் அப்போது ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட செவிலியின் பெயர் நின்கே. உயரமானவள், பொறுமைசாலி, எதைக் கேட்டாலும் ஒரு நொடி யோசித்துப் பதில் சொல்பவள். ஹில்ச்சேயையும் டௌவேயையும் உட்காரவைத்து விளக்கினாள்.

"பழைய முறையில வயித்தை நீளமாத் திறந்து கட்டியை எடுப்பாங்க. புது முறையில சின்னச் சின்னத் துளை போட்டு, கேமரா உள்ள விட்டு, டிவியில பாத்துக்கிட்டே வேலையை முடிப்பாங்க. கட்டியை வெளிய எடுக்க மட்டும் தீப்பெட்டி நீளத்துக்கு ஒரு கீறல். ரெண்டுலயும் கட்டி ஒழுங்கா வந்துடும். ஆனா துளை போட்டவங்க நிஜமாவே சீக்கிரம் தேறுறாங்களா, இல்ல நாமதான் அப்படி நினைச்சுக்கிறோமா? அதைத்தான் பாக்குறோம்."

"எனக்கு எது?"

"கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கும்மா. எது விழுந்ததுன்னு உங்களுக்குத் தெரியாது. வார்டுல இருக்கிறவங்களுக்கும் தெரியாது. எல்லாருக்கும் நெஞ்சுக்குக் கீழ இருந்து இடுப்பு வரைக்கும் ஒரே மாதிரி பெரிய வெள்ளைக் கட்டு. வீட்டுக்குப் போற அன்னைக்குத்தான் பிரிப்போம்."

"அது என்ன கண்ணாமூச்சி?" என்றான் டௌவே.

"சின்னத் துளைன்னு தெரிஞ்சா துள்ளி எழுந்துக்குவீங்க. பெரிய கீறல்னு தெரிஞ்சா முனகிக்கிட்டே படுத்திருப்பீங்க. அப்புறம் தேறினது உடம்பா மனசான்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ஹில்ச்சே கேட்க நினைத்ததைக் கேட்டாள். "அக்கா சரின்னுட்டாளா?"

நின்கே ஒரு நொடி யோசித்தாள். "மத்தவங்களைப் பத்தி நான் சொல்லக் கூடாதும்மா."

வீட்டுக்குப் போய்க் கோட்டைக்கூடக் கழற்றாமல் அக்காவுக்குப் போன் போட்டாள். ஃபோக்யே முதல் நாளே கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தாள். அப்புறம் என்ன? ஹில்ச்சேயும் போட்டாள்.

ஒரே நாளில் இருவருக்கும் அறுவை. காலையில் முதலில் யார்? கேட்கவே வேண்டாம். ஃபோக்யேவை உருட்டிக்கொண்டு போனபோது அவள் படுத்தபடி தங்கையைப் பார்த்துக் கையசைத்தாள், ஏதோ பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போகிறவள் போல. மத்தியானம் ஹில்ச்சேயின் முறை. கண் விழித்தபோது ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இருவர் வயிற்றிலும் வெள்ளைச் சுவர் மாதிரி அந்தக் கட்டு. அறுத்த டாக்டர் ஆல்ஹ்ரா வார்டுப் பக்கமே தலைகாட்டக் கூடாதாம். அவர் முகத்தைப் பார்த்தே நோயாளிகள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயம். விஷயம் தெரியாத வேறு டாக்டர்கள்தான் வந்து பார்த்தார்கள்.

அன்று சாயங்காலமே நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். குடலை ஏமாற்றி எழுப்புவதற்கென்று ஆளுக்கொரு சூயிங்கம் கொடுத்தார்கள். ஃபோக்யே மென்றுகொண்டே உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள், தங்கைக்கு முதுகைக் காட்டியபடி நின்கேயின் கையைப் பிடித்து எழுந்து நின்றாள். நின்றவள் கதவு வரை நடந்தாள்! ஹில்ச்சே இதைத் தலையணையில் சாய்ந்தபடி பார்த்தாள். அவளுக்கு வயிற்றில் ஒரு மந்தமான வலி, அவ்வளவுதான். ஆனால் அக்கா நடப்பதைப் பார்த்த அந்தக் கணத்தில் அந்த வலி பத்து மடங்காயிற்று.

"அவளுக்குச் சின்னத் துளை" என்று டௌவேயின் காதில் சொன்னாள். "எனக்குத்தான் கிழிச்சிருக்கானுங்க."

"யாருக்கும் தெரியாதுன்னு சொன்னாங்களே."

"தெரியணுமா? கண்ணு இல்லையா எனக்கு? கம்ப்யூட்டர்கூட அவ பக்கம்தான்."

அதோடு அவள் கட்டிலைவிட்டு இறங்குவதை நிறுத்திவிட்டாள். கிழித்த வயிறு என்று முடிவு செய்தாகிவிட்டதல்லவா, கிழித்த வயிற்றுக்காரி மாதிரியே நடந்துகொண்டாள். சீட்ஸே என்ற இளம் ஆண் செவிலி கெஞ்சிப் பார்த்தான், கைத்தாங்கலாகத் தூக்கிப் பார்த்தான். "அந்த அம்மாவை நடக்க வை, அவங்களுக்கென்ன, துளைதானே" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

குடல் அறுவை நடந்த வார்டில் எல்லாரும் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் காத்திருப்பார்கள். காலையில் செவிலி வந்ததும் வணக்கம் சொல்வதற்கு முன்னால் கேட்பது அதைத்தான்: "காத்து பிரிஞ்சுதா?" குடல் முழித்துக்கொண்டதற்கு அதுதான் அடையாளம். அதற்கப்புறம்தான் ரொட்டி, பாலாடைக்கட்டி, வீடு. ஆராய்ச்சிக்கும் அது முக்கியமான சங்கதி. யாருக்கு எப்போது பிரிந்தது என்று குறித்துக்கொள்வார்கள். பெரிய பெரிய டாக்டர்கள் ஒரு கிழவியின் குசுவுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் இடம் உலகத்தில் வேறெங்கே உண்டு, சொல்லுங்கள்!

ஃபோக்யேவுக்கு இரண்டாம் நாள் பிரிந்தது. சும்மா பிரியவில்லை. வார்டைப் பார்க்க வந்த டாக்டரம்மா கட்டிலருகே நிற்கும்போதே, வயலில் டிராக்டர் கிளம்புகிற மாதிரி பிரிந்தது. எதிர்க் கட்டில்காரி கைதட்டினாள். சீட்ஸே "சபாஷ்!" என்றான். ஃபோக்யே போர்வையைச் சரிசெய்துகொண்டு, "நாப்பது வருஷம் டீச்சரா இருந்து அடக்கி வச்சது" என்றாள். அறையே சிரித்தது. கொஞ்ச நேரத்தில் அவளுக்கு ரொட்டி வந்தது, மேலே மஞ்சள் பாலாடைக்கட்டி. வாசனை நேராக இந்தக் கட்டிலுக்கு வந்தது.

மறுநாள் காலை சீட்ஸே ஹில்ச்சேயிடம் கேட்டான். "உங்களுக்கும்மா? காத்து பிரிஞ்சுதா?"

ஹில்ச்சே அக்காவைப் பார்த்தாள். ஃபோக்யே கண்ணாடி போட்டுக்கொண்டு குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்; பென்சில் அந்தரத்தில் நின்றது.

"ஓ, பிரிஞ்சுதே. விடியக்காலையில. ரெண்டு தடவை" என்றாள் ஹில்ச்சே.

இரண்டு தடவை! ஒன்று போதாதா? அக்காவுக்கு ஒன்றுதானே என்று கணக்கு. சீட்ஸே சந்தோஷமாகக் குறித்துக்கொண்டான். பென்சில் மறுபடி ஓடத் தொடங்கியது. ஹில்ச்சேவுக்கும் ரொட்டி வந்தது, பாலாடைக்கட்டியோடு. மத்தியானம் உருளைக்கிழங்கும் காரட்டும் மசித்தது. பசியே இல்லாமல், ஃபோக்யேயின் தட்டைப் பார்த்துப் பார்த்து, அவள் விட்ட மிச்சத்தைவிடக் குறைவாகத் தன் தட்டில் மிச்சம் வைத்தாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளாவது தாங்கும். ஹில்ச்சேயின் புளுகு இரண்டு வேளைச் சாப்பாட்டைக்கூடத் தாங்கவில்லை. மறுநாள் விடிந்தபோது வயிறு மத்தளமாக உப்பிவிட்டது. பச்சையாக வாந்தி எடுத்தாள். நாடி குதிரையாக ஓடியது. மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா முகத்தைச் சுருக்கிக்கொண்டு போய், ஒளிந்திருந்த ஆல்ஹ்ராவையே கூட்டிவந்துவிட்டாள்.

ஆல்ஹ்ரா சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா, நேராச் சொல்லிடறேன். குடலை வெட்டி ரெண்டு முனையையும் ஒட்டியிருக்கோம். அந்த ஒட்டு விட்டுப்போயிருக்குமோன்னு பயமா இருக்கு. ஸ்கேன் ஆமாங்கவும் இல்ல, இல்லைங்கவும் இல்ல. ஆனா ஒரு தடவை காத்து பிரிஞ்சு, குடல் வேலை செய்ய ஆரம்பிச்சு, அப்புறம் நின்னுபோச்சுன்னா, சும்மா விட முடியாது. விட்டா உயிருக்கே ஆபத்து. மத்தியானம் திரும்பவும் உள்ள போய்ப் பாக்கணும்."

"திரும்பவுமா?"

"ஆமா. இந்தத் தடவை பெரிசாத்தான் திறக்கணும். வேற வழியில்ல. மலம் போக வயித்துல பை வைக்க வேண்டியும் வரலாம்."

ஒரு செவிலி கறுப்புப் பேனாவோடு வந்து, கட்டின் ஓரமாக, வயிற்றின் இடப்பக்கம் ஒரு புள்ளி வைத்தாள். பை வைப்பதானால் அந்த இடத்தில். பேனா முனை ஜில்லென்று இருந்தது. ஹில்ச்சே அந்தப் புள்ளியைப் பார்த்தாள். வாழ்நாள் பூராவும் இடுப்பில் தொங்கப்போகும் பையைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் ஆல்ஹ்ரா சொன்ன ஒரு சொல் அவள் மூளையில் போய் விழுந்தது.

"டாக்டர், 'இந்தத் தடவை'ன்னு சொன்னீங்களே. அப்ப போன தடவை?"

ஆல்ஹ்ரா வாயைத் திறந்து, மூடினார். டாக்டரம்மா கூரையைப் பார்த்தாள். சுவரோரம் நின்றுகொண்டிருந்த நின்கே கண்ணை மூடிக்கொண்டாள். கட்டிக் காத்த ரகசியம் இரண்டு சொல்லில் போயிற்று.

துளை! அவளுக்குத்தான் துளை! வாழ்க்கையில் முதல்தடவையாகச் சீட்டு அவள் பக்கம் விழுந்திருக்கிறது. அதை அவள் அழகாக, ஒழுங்காக, பாலாடைக்கட்டி வைத்துத் தின்று தீர்த்துவிட்டாள். எதிரிக்குச் சகுனத்தடை செய்யத் தன் மூக்கையே அறுத்துக்கொண்ட கதை. இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்து மிச்சத்தையும் அறுத்துவிடுவார்கள்.

வாயைத் திறந்தால் தப்பிக்கலாம் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. காற்று பிரியவே இல்லை என்றால் ஒட்டு விட்டது என்று ஏன் நினைக்க வேண்டும்? குடல் இன்னும் தூங்குகிறது, அவ்வளவுதானே. ஆனால் ஜன்னலோரம் ஃபோக்யே உட்கார்ந்திருந்தாள், மடியில் கஸ்டர்டு கிண்ணத்தோடு. கரண்டியை வாயில் வைத்தபடி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னாலா? ஐம்பது வருஷம் ஆனாலும் பிறந்தநாள் விருந்துகளில் இதைச் சொல்லிச் சிரிப்பாளே! தோலுரித்த முயல் கதைக்குப் பக்கத்தில் இதுவும் ஏறி உட்காருமே!

கட்டிலின் பிரேக்கைச் சீட்ஸே காலால் தட்டி விடுவித்தான். சக்கரம் அசைந்தது.

"நிறுத்துங்க" என்றாள் ஹில்ச்சே. மூக்கில் குழாயோடு குரல் எங்கிருந்தோ வந்தது. "பிரியல."

"என்னம்மா?"

"காத்து. பிரியவே இல்ல. ஒரு தடவைகூட. பொய் சொன்னேன்."

ஆல்ஹ்ரா குனிந்தார். "எதுக்கும்மா பொய்?"

ஹில்ச்சே விரலை நீட்டி ஜன்னல் பக்கம் காட்டினாள். "அவளுக்குப் பிரிஞ்சுதே!"

கரண்டி கிண்ணத்தில் விழும் ஓசை கேட்டது.

"அடியே, குசு விட்டேன்னா பொய் சொன்ன?" என்று கேட்டாள் ஃபோக்யே. கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். தொடங்கியதுதான் தாமதம், இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் மடங்கினாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. சிரிப்பும் நிற்கவில்லை, வலியும் நிற்கவில்லை; "ஐயோ, அம்மா, சிரிக்க வைக்காதடி பாவி" என்று அழுதுகொண்டே சிரித்தாள். துளை போட்ட வயிறு அப்படி வலிக்காது. அதை அன்று அந்த அறையில் இருந்த எல்லாரும் புரிந்துகொண்டார்கள்.

ஆல்ஹ்ரா காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. வயிற்றை மறுபடி அழுத்திப் பார்த்தார். ஸ்கேனை மறுபடி பார்த்தார். "காத்திருப்போம்" என்றார். "ஆனா நடக்கணும்மா. இனிமே அரசியே வந்து உக்காரச் சொன்னாலும் நடக்கணும்."

நடந்தாள். குழாயும் கம்பியுமாக, சீட்ஸே ஒரு பக்கம், டௌவே ஒரு பக்கம். தாழ்வாரத்தின் கடைசி ஜன்னலருகே, மறுநாள் மத்தியானம், அது பிரிந்தது. டௌவே கண்ணைத் துடைத்துக்கொண்டான். கலியாணத்தன்றுகூட அவன் அழவில்லை என்று அவள் பிற்பாடு குத்திக்காட்டுவாள்.

நின்கேதான் தலையில் கைவைத்துக்கொண்டாள். ஆராய்ச்சியில் இந்தச் சகோதரிகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? துளை போட்டவள் படுத்தே கிடந்தாள், கிழித்தவள் ஓடினாள்.

கட்டுப் பிரித்த அன்று ஃபோக்யேயின் வயிற்றைப் பார்த்து எல்லாரும் மூச்சை இழுத்தார்கள். தொப்புளுக்கு மேலிருந்து கீழ்வரை, ரயில்பாதை மாதிரி. ரைட்ஸே தேம்பினான். ஹில்ச்சேயின் மகன் யோரித் தன் அம்மாவை விட்டுவிட்டு அந்தக் கட்டிலுக்குப் போய், "அடேயப்பா பெரியம்மா, இதை வச்சுக்கிட்டா முதல் நாளே நடந்தீங்க?" என்றான். ஃபோக்யே, "என்ன பெரிய நடை" என்று தோளைக் குலுக்கினாள்.

ஹில்ச்சேயின் வயிற்றில் சில பிளாஸ்திரி, கீழே ஒரு சின்னக் கோடு. பார்த்தவர்கள் "நல்லவேளை" என்றார்கள். அவ்வளவுதான். கத்திரிக்கோல் பட்ட விரலுக்குக்கூட இதைவிட அதிகமாக இரக்கப்படுவார்கள். அவள் மல்லாந்து படுத்துக்கொண்டு பக்கத்துக் கட்டிலைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். யாருக்கும் சொல்லாதீர்கள்: அந்தத் தழும்பைப் பார்த்தும் அவளுக்கு வயிறெரிந்தது.

அப்புறம் வருஷத்துக்கொரு தடவை நின்கே போன் செய்வாள். சாப்பாடு எப்படி, வயிறு எப்படி, மாடி ஏற முடிகிறதா என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி: "உங்க தழும்புக்குப் பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க?"

"அக்கா எத்தனை சொன்னா?" என்பாள் ஹில்ச்சே.

"மத்தவங்களைப் பத்தி நான் சொல்லக் கூடாதும்மா."

"சரி, எட்டு போடுங்க."

பிறகு அக்கா வீட்டில் காப்பி குடிக்கும்போது மெதுவாகத் தூண்டில் போட்டுப் பார்ப்பாள். "தழும்பைப் பத்தி ஒரு கேள்வி வந்துதே, நீ என்னக்கா சொன்ன?"

"எது? எனக்கு ஞாபகமில்லடி" என்று சொல்லி, பிஸ்கட் டப்பாவை மூடிவிடுவாள் ஃபோக்யே.

புற்று இருவரிடமும் திரும்பி வரவில்லை. ஆனால் ஐந்தாவது வருஷம் முடிவதற்குள், ஒரு ஜனவரி மாதம், பாட்டுப் பயிற்சி முடிந்து எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்து வந்த ஃபோக்யே வீட்டு வாசலில் இறங்கினாள், சைக்கிளை ஒழுங்காகச் சுவரில் சாய்த்து வைத்தாள், விழுந்தாள். இதயம். சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் ஹில்ச்சே அவள் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அந்தச் சின்னச் சிலுவைப் பதக்கத்தை ரைட்ஸே, "நீ வச்சுக்க" என்று அவள் கையில் கொடுத்தான். வேண்டாம் என்று அலமாரியிலேயே திருப்பி வைத்துவிட்டாள்.

வசந்தத்தில் நின்கேயின் போன் வந்தது. "இதுதான் கடைசிம்மா. ஆராய்ச்சி முடியுது." சாப்பாடு, வயிறு, மாடி. பிறகு அந்தக் கேள்வி.

"அக்கா எத்..." என்று தொடங்கி ஹில்ச்சே நிறுத்தினாள். "எட்டு" என்றாள்.

நின்கே ஒரு நொடி யோசித்தாள். இந்தத் தடவை ஒரு நொடிக்கும் கூடுதலாக.

"நான் சொல்லக் கூடாதுதான். இருந்தாலும் சொல்றேன். உங்க அக்கா வருஷா வருஷம் என்ன கேப்பாங்க தெரியுமா? 'தங்கச்சி எத்தனை சொன்னா?'"

"என்னது?"

"நானும் சொல்ல மாட்டேன்னு சொல்லிடுவேன். 'சரி போ, அவ எத்தனை சொல்லியிருந்தாலும் அதுக்கு மேல ஒண்ணு எனக்குப் போட்டுக்க'ம்பாங்க. அப்படிப் போட முடியாதும்மா, ஒரு எண்ணைச் சொல்லுங்கன்னா, 'அவ எட்டுக்கு மேல போக மாட்டா, ஒன்பது போடு'ம்பாங்க."

ஹில்ச்சே நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"இன்னொண்ணும்மா. ஆபரேஷன் ஆன அன்னைக்குச் சாயங்காலம் அவங்களைப் பிடிச்சு எழுப்பினது நான்தான். வலியில கண்ணுல தண்ணியாக் கொட்டுது. வேண்டாம், படுங்கன்னேன். 'அங்க பாரு, எவ்வளவு சொகமாப் படுத்திருக்கா. அவளுக்குத்தான் துளை, எனக்கு நல்லாத் தெரியும். அவளுக்கு முன்னாடி நான் நடந்தாகணும், தூக்கி விடு'ன்னு என் காதுல சொல்லிக் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க."

"அடிப்பாவி!" என்றாள் ஹில்ச்சே. "அடிப்பாவி!"

எழுந்து ஜன்னலுக்குப் போனாள். சைக்கிள் வெளியே நின்றது. ஏறி மிதித்தால் கொஞ்ச நேரத்தில் அக்கா வீடு. கதவைத் திறந்துகொண்டு போய், காப்பிகூடக் கேட்காமல், முகத்துக்கு நேராகச் சொல்லலாம்: "உன் வயிறெரிஞ்ச சங்கதி எனக்குத் தெரிஞ்சுபோச்சுடி!" அறுபது வருஷமாகக் காத்திருந்த சேதி கைக்கு வந்துவிட்டது. கொண்டுபோய்க் காட்டத்தான் ஆள் இல்லை. தோட்டத்திலிருந்து வந்த டௌவே, போனைக் காதில் வைத்தபடி அழுதுகொண்டே சிரிக்கும் மனைவியைப் பார்த்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அம்மா, இருக்கீங்களா?" என்றாள் நின்கே.

"இருக்கேன். அந்த எட்டை எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"அடிச்சிடுங்க. பத்து போடுங்க" என்றாள் ஹில்ச்சே, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இதுக்கு மேல ஒண்ணு போட அவ வரட்டும், பாப்போம்."